உழைப்பவன் உள்ளமும் நம் நாவல்களும்

மனிதன் விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி அவனுடைய தொழிலிலேயே கழிகின்றது. ஆயினும் நம் கதைகளில் அவன் தொழில் செய்துகொண்டிருக்கும் நேரம் மிகமிகக் குறைவு. கதைமாந்தர் காலையில் வேலைக்குப் புறப்படுவர். மாலையில் களைத்து வீடு திரும்புவர். இடைப்பட்ட பொழுதில் அவர்களுடைய கை என்ன செய்தது, அப்போது உள்ளம் எங்கே இருந்தது என்பதைச் சொல்லும் நாவல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காதலுக்குப் பத்து அத்தியாயம் ஒதுக்கும் ஆசிரியர், கதைத்தலைவனின் பிழைப்பை "ஒரு கடையில் கணக்கு எழுதிவந்தான்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றார்.

இது எழுத்தாளரின் குறை மட்டுமன்று. நம் இல்லங்களில் நிலவும் எண்ணத்தின் நிழலும் ஆகும். "வேலை வயிற்றுக்கு, மனத்துக்கு வேறு ஏதாவது தேடிக்கொள்ள வேண்டும்" என்று பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்கின்றோம். பட்டம் பெற்ற மகன், தந்தை எந்தத் தொழிலால் தன்னைப் படிக்கவைத்தாரோ அந்தத் தொழிலின் பெயரை நண்பர்களிடம் சொல்லக் கூசுகின்றான். தந்தையும் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகின்றார். செய்யும் தொழிலில் பொருள் காண முடியுமா, முடியுமெனில் எவ்வாறு என்ற கேள்வி, ஆகவே, நம் குடும்பங்களின் நடுக்கூடத்தில் நிற்கும் கேள்வியாகும். இக்கேள்வியைக் கையில் ஏந்தியவாறு இரண்டு நாவல்களை அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி', மற்றொன்று டி. செல்வராஜின் 'தோல்'. முன்னது 1997இலும் பின்னது 2012இலும் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றவை. ஆயினும் பரிசு பெற்றமையால் இவற்றை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நத்தத்தில் நாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சி இவ்விரு நூல்களையும் மீண்டும் எடுத்துப் படிக்கத் தூண்டியது. அதை முதலில் சொல்லிவிடுவது முறை.

நத்தம் என்னும் சொல்லுக்கே குடியிருப்பு நிலம் என்பது பொருள். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, கரந்தமலையை அண்டி, மாவும் புளியும் சூழ அமைந்த ஊர் இது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. மாம்பழமும் புளியும் போலவே ஆயத்தச் சட்டையும் இன்று இவ்வூரின் பெயரைச் சுமந்து வெளியூர் செல்கின்றது. கடைத்தெருவை அடுத்த சந்துகளில் நடந்தால் தையல் எந்திரங்களின் ஒலி வீட்டுக்கு வீடு கேட்கும். பெருநாளும் தீபாவளியும் பொங்கலும் நெருங்கும் காலத்தில் அவ்வொலி இரவிலும் ஓய்வதில்லை.

அச்சந்துகளில் ஒன்றில் நண்பர் ஒருவருடன் சென்று, வயது முதிர்ந்த தையற்காரர் ஒருவரின் முன்னறையில் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம். சட்டை தைப்பது இப்போது ஒருவரின் வேலையன்று. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக வெட்டித் தருகின்றார். ஒருவர் பாக்கெட் வைக்கின்றார். மற்றொருவர் கை மூட்டுகின்றார். காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் வேறு வீடுகளுக்குப் போகின்றன. இந்தப் பெரியவருக்கு வந்து சேர்வது காலர் மட்டுமே. துணிக்குள் கேன்வாஸ் வைத்துத் தைத்து, புரட்டி, ஊசியால் முனைகளை வெளியே எடுத்து, மேல்தையல் போட்டு அடுக்கிவைக்க வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. இளமையில் ஆள் அளவெடுத்து முழுச் சட்டை தைத்தவர் அவர். "அப்பயெல்லாம் சட்டையப் பாத்தாலே போட்டிருக்கிற ஆளு யாருன்னு சொல்லிருவேன். இப்ப நான் தைக்கிற காலரு எந்தச் சட்டைக்குப் போகுதுன்னே எனக்குத் தெரியாது, பாய்" என்றார்.

இதைச் சொல்லிக்கொண்டே, தைத்து முடித்த காலர் ஒன்றை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். இரண்டு முனைகளுக்கும் இடையே நூலளவு வேறுபாடு. நமக்கு அது தெரியவேயில்லை. அவரோ தையலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். "இதை யாரும் கவனிக்க மாட்டார்களே, பிரித்துத் தைத்தால் கூலி கூடுமா?" என்று கேட்டோம். "கூடாது. ஆனா கண்ணாடி முன்னால நிக்கிறவனுக்கு மொதல்ல கண்ணு போறது காலர்லதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். பட்டம் பெற்ற அவருடைய மகன் கதவருகில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தாவுக்கு இதே வேலைதான்" என்றான். அதில் ஏளனமும் இருந்தது; கனிவும் இருந்தது.

யாரென்று அறியாத ஒருவன் கண்ணாடி முன் நிற்கும் நொடியை நினைத்துத் தன் கூலிக்குரிய நேரத்தை இழக்கும் இம்மனிதரை நம் இலக்கியத்தில் எங்கே காண்பது? இந்த ஐயத்துடனேதான் அவ்விரு நாவல்களுக்கும் திரும்பினோம்.

'சாய்வு நாற்காலி' உழைப்பைப் பற்றிய நாவலன்று, உழையாமையைப் பற்றியது. அதனாலேயே நம் கேள்விக்கு அது முதற்கண் உரியதாகின்றது. தென்பத்தன் கிராமத்தில் சவ்தா மன்ஸில் என்னும் பழம்பெருமை வாய்ந்த வீடு. முன்னோர் அரசரிடம் பெற்ற சிறப்பும் சொத்தும் தலைமுறை தலைமுறையாகக் கரைந்துவர, எஞ்சியிருப்பவர் முஸ்தபாக்கண்ணு. அவர் எந்தத் தொழிலும் செய்வதில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தவாறு குடும்பப் பெருமையை நினைத்துக்கொண்டிருப்பதும், நாவுக்கு ருசியானதைத் தேடுவதுமே அவர் நாளாகின்றது. அந்த ருசிக்காக வீட்டிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன.

இந்நாவலைப் பலரும் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சிக் கதையாகவும், பெண்ணடிமையைக் காட்டும் கண்ணாடியாகவும் படித்துள்ளனர். அவ்வாறு படிப்பதில் தவறில்லை. ஆயினும் நாம் மற்றொன்றையும் காண்கின்றோம். முஸ்தபாக்கண்ணுக்கு இல்லாதது பணம் மட்டுமன்று. அவர் கை பட்டுச் சிறந்த பொருள் ஒன்றுகூட அவ்வீட்டில் இல்லை. அவர் விற்கும் ஒவ்வொன்றும் வேறொருவர் கைத்திறன். இழைத்த தச்சனின் பொறுமை, வார்த்த கன்னானின் கணக்கு ஆகியவை அவர் வாயில் ஒரு வேளை உணவாகக் கரைகின்றன. உழைக்காதவனுக்குப் பொருளின் அருமை தெரியாது என்பதை ஆசிரியர் அறவுரையாகச் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்து காட்டுகின்றார். வீட்டாரை அவர் வதைப்பதற்கும் இந்த வெறுமைக்கும் தொடர்புண்டு. செய்வதற்கு ஏதுமற்ற கை, அடிப்பதற்கு ஓங்குகின்றது.

ஓய்வே இன்பம் என்று எண்ணும் நம் இளைஞர்க்கு இந்நாவலைவிடச் சிறந்த மறுப்பு வேறில்லை. ஆயினும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முஸ்தபாக்கண்ணின் சோம்பலை நுணுகி நுணுகிக் காட்டிய ஆசிரியர், அதற்கு எதிரே உழைப்பில் ஊன்றிநிற்கும் ஒருவரின் உள்ளத்தை அதே அளவு நெருங்கிக் காட்டவில்லை என்பது நம் கருத்து. வீழ்ச்சியின் முழு இலக்கணமும் நமக்குக் கிடைக்கின்றது. ஊன்றுதலின் இலக்கணம் கிடைக்கவில்லை.

இனி, 'தோல்'. செல்வராஜ் நெல்லைச் சீமையில் பிறந்து திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். 'மலரும் சருகும்', 'தேநீர்' ஆகிய நாவல்களால் முன்பே அறியப்பட்டவர். 2010இல் வெளிவந்த 'தோல்', திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் கதை. ஓசேப்பு முதலிய மாந்தர் வழியாக, கடனுக்குக் கட்டுண்டு கிடந்த தொழிலாளர் சங்கம் கண்டு நிமிர்ந்த வரலாற்றை விரிவாகச் சொல்வது.

திண்டுக்கல் தோல் தொழிலில் நம் சமுதாயத்து முதலாளிகளும் பலர் இருந்தனர் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே இந்நாவலைப் படிக்கும்போது நாம் வெளியே நின்று பார்க்கும் பார்வையாளராக இருக்க முடியாது. சில பக்கங்களில் நெஞ்சு குறுகுகின்றது, குறுகத்தான் வேண்டும். "நம்மவரைக் குறைகூறுகின்றாரே" என்று நூலை மூடிவைப்பவர், கூலியின் நேர்மையைப் பற்றி மேடையில் பேசும் உரிமையை இழந்துவிடுகின்றார். தொழிலாளியின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வறிவுரை சுண்ணாம்புக் குழியின் ஓரத்தில் என்னவாயிற்று என்பதை இந்நாவல் கேட்கின்றது. கேட்பவர் யாராக இருந்தாலும் கேள்வி நமக்குரியதே.

தோல் பதனிடுதல் எளிய தொழிலன்று. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, கழுவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காய் சேர்த்து, உலர்த்தி எடுக்க வேண்டும். சுண்ணாம்பில் ஒரு நாள் கூடினால் தோல் நைந்துவிடும். குறைந்தால் மயிர் விடாது. இந்த அளவைக் குழிக்குள் இறங்கிய கையும் காலுமே அறியும். அதே சுண்ணாம்பு அக்கையையும் காலையும் அரித்துவிடுகின்றது. தொழிலின் அறிவும் தொழிலின் வதையும் ஒரே தோலின் மீது எழுதப்படும் தொழில் இது.

செல்வராஜ் அந்த வதையை மறக்க முடியாதவாறு எழுதியுள்ளார். அறிவை அவ்வளவு எழுதவில்லை என்றே நமக்குப் படுகின்றது. அவருடைய மாந்தர் குழியருகே வதைபடுகின்றனர். சங்கத்திலேதான் உயிர் பெறுகின்றனர். வாழ்வின் நோக்கத்தை அவர்கள் காண்பது போராட்டத்தில், தொழிலில் அன்று. இதைக் குறை என்று உடனே சொல்லிவிடக் கூடாது. அடிமைப்பட்டவனிடம் "உன் கைத்திறனை நினைத்து மகிழ்" என்று சொல்வது கொடுமை. நிமிர்ந்து நிற்க இடம் கிடைத்த பிறகே கைத்திறனில் பெருமிதம் கொள்ள முடியும். அந்த இடத்தைப் பெற்றுத் தந்த வரலாற்றையே அவர் எழுதினார். அடுத்த கேள்வியை அவர் நமக்கு விட்டுச்சென்றார் என்பதே பொருந்தும். 2019இல் மீரானும் செல்வராஜும் மறைந்துவிட்டனர். அக்கேள்வியை இனி எழுதவிருப்போரிடமே கேட்க வேண்டும்.

அக்கேள்வி இது: கூலி நேர்மையாகக் கிடைத்து, அடிமைத்தளையும் அறுந்த பின்னர், நாள் முழுதும் ஒரே காலரை அல்லது ஒரே கணக்கேட்டைப் பார்த்திருக்கும் மனிதன், தன் வேலையில் தான் இருக்கின்றோம் என்று எப்போது உணர்கின்றான்?

இங்கே ஒரு பழைய உரையாடல் நினைவுக்கு வருகின்றது. 1924இல் தில்லியில் சாந்திநிகேதன் மாணவரான இராமச்சந்திரன் காந்தியடிகளிடம், "தாங்கள் எல்லா எந்திரங்களையும் எதிர்க்கின்றீர்களா?" என்ற கருத்துப்படக் கேட்டார். காந்தியடிகள் விலக்கு அளித்தவற்றில் சிங்கர் தையல் எந்திரம் முதன்மையானது. மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்துவதைக் கண்ட சிங்கர், அவள்மீது கொண்ட அன்பினால் அதை உருவாக்கினார் என்று காரணமும் கூறினார். எந்திரமா கையா என்பதைவிட, அதன் நடுவே ஒரு மனிதர் நினைக்கப்படுகின்றாரா என்பதே அவர் பார்த்த அளவுகோல். கேள்வி கேட்ட அந்த இராமச்சந்திரனே பின்னாளில் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்துடன் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார். அவர் கேட்ட கேள்வியின் விடையை அதே மாவட்டத்தின் நத்தத்தில், தையல் எந்திரத்தின் முன் குனிந்திருந்த முதியவரிடம் நாம் மீண்டும் கேட்டோம் எனலாம். யாரோ ஒருவன் கண்ணாடி முன் நிற்பதை அவரும் நினைத்தாரன்றோ?

நம் மரபுக்கும் இது புதிதன்று. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கினார். தொழில் செய்பவன் தன் தொழிலால் சமுதாயத்தின் மீதுள்ள கடமை ஒன்றை, அதாவது ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்றுவதாக நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், தொழில்கள் எல்லாம் கைவிடப்பட்டால் மக்களின் வாழ்வே நிலைகுலையும் என்றும் அதில் விளக்குகின்றார். தாவூது நபி (அலை) அவர்கள் இரும்புக் கவசம் செய்தமையைச் சொல்லுமிடத்தில் திருக்குர்ஆன், வளையங்களை அளவறிந்து இணைக்குமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டதையும் சொல்கின்றது. நபியும் அரசருமான ஒருவருக்கு இறைவன் இட்ட கட்டளையில் வளையத்தின் அளவும் அடங்கியுள்ளது. காலர் முனையில் நூலளவு வேறுபாட்டைப் பொறுக்காத கண், இவ்வகையில் தாழ்ந்த கண்ணாகாது.

ஆயினும் இவ்விடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிய்யத்தைப் பற்றிய பேச்சு முதலாளியின் வாயில் எளிதாக ஏமாற்றாகிவிடும். "வேலையை வணக்கமாக எண்ணிச் செய்" என்று சொல்லிவிட்டுக் கூலியைக் குறைப்பவனை நாம் அறிவோம். இமாம் அவர்களும் அதே நூற்பகுதியில் விற்பவன் வாங்குபவன் இருவருக்குமிடையே நீதியை வற்புறுத்தாமல் விடவில்லை. நீதியின்றி நோக்கம் பேசுவது வஞ்சகம். 'தோல்' நமக்குக் கற்பிப்பது இது. உழைப்பின்றி வசதி மட்டும் கிடைத்தாலும் மனிதன் அழிவான். 'சாய்வு நாற்காலி' கற்பிப்பது அது. இவ்விரண்டு படிப்பினையையும் ஒருங்கே ஏற்கும் மூன்றாவது நாவல் ஒன்று நமக்கு வேண்டும்.

அந்நாவலை எழுதுபவருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிலவே. தொழிலைத் தூரத்திலிருந்து பாராட்டவும் வேண்டா, இரங்கவும் வேண்டா. எந்திரத்தின் அருகே அமர்ந்து பாருங்கள். ஊசி முறியும்போது ஏற்படும் எரிச்சல், தையல் நேராக ஓடும்போது தோன்றும் அமைதி, ஒரே வேலையைச் செய்வதால் வரும் சலிப்பு, அச்சலிப்பை அவர்கள் கடக்கும் வழி ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். காஜா எடுக்கும் பெண்கள் தம்முள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதைக் கேளுங்கள். அவர்களுடைய கூலி யார் கையில் சேர்கின்றது என்பதையும் மறவாமல் கேளுங்கள். தன் வேலையை விரும்பாதவனையும் மெய்யாகவே எழுதுங்கள். அவனிடம் சோம்பல் இல்லாதிருக்கலாம், அவன் கைக்கேற்ற வேலை கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

இதற்கு வழிகாட்டியாக மீரானின் வாழ்க்கையையே காட்டலாம். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் கல்வி கற்று, நெல்லையில் மிளகாய் வற்றல் வணிகம் செய்து குடும்பம் காத்தவர் அவர். வணிகத்தை விட்டுவிட்டு எழுத வரவில்லை. எழுத்துக்காக வணிகத்தை இழிவாக எண்ணியதாகவும் தெரியவில்லை. வற்றல் மூட்டைகளிடையே வாழ்ந்த அம்மனிதரே, 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நமக்கு அளித்தார். கடைக்காரரின் காது கேட்ட பேச்சு அந்நாவலின் நடையில் ஒலிக்கின்றது. ஒரு தொழில் மற்றொன்றுக்கு உரமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தம் பிழைப்பைத் தடையாக எண்ணிப் புலம்பும் இளம் எழுத்தாளர்கள் இதைக் கருத வேண்டும்.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் தந்தையின் தொழிலையே செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் விரும்பிய துறைக்குப் போகட்டும். ஆனால் தந்தை என்ன வேலை செய்கின்றார், அதில் கடினமானது எது, அதில் அவர் தேர்ந்தது எவ்வாறு என்பதைப் பிள்ளை ஒருமுறையேனும் அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும். தந்தையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லப்படாத தொழில் வீட்டிலேயே வெட்கமாகிவிடுகின்றது. பிறகு அது இலக்கியத்தில் எப்படி இடம்பெறும்?

நத்தத்திலிருந்து நாம் புறப்படுவதற்குச் சற்று முன் அந்தப் பெரியவர் பிரித்த காலரை மீண்டும் தைத்து முடித்திருந்தார். அதை மகனிடம் நீட்டி, "சரியா இருக்கா பாரு" என்றார். அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, காலரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்தான். சற்றுநேரம் பார்த்தான். பிறகு, "இந்த முனை இன்னும் கொஞ்சம் வெளிய வரணும்த்தா" என்று சொல்லி, மேசையிலிருந்த ஊசியைத் தானே எடுத்தான்.